தனுஷ்கோடிப் புகையிரத நிலையம் - ஒரு வரலாற்று நோக்கு

இராவண சங்காரத்தின் பின் தன்னைத் தொடர்ந்த பிரமகத்தி தோஷம் நீங்கும் பொருட்டு இராமபிரான் சிவபூசை செய்த தலங்கள் எனப் பெரியோர் கூறும் வரிசையில் முன்னேஸ்வரமும், அதற்கு அண்மையில் தெதுறு ஓயாக் கரையிலுள்ள மானாவாரியும் முதலில் வருகின்றன. அதன் பின் திருக்கோணேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், நிறைவாக இராமேஸ்வரம். ஆகையால் புத்தளம் - சிலாபம் கரையோரத்துச் சைவ மக்களுக்கு இராமேஸ்வரம் வேற்று நாட்டுக் கோயிலாக ஒருபோதும் தோன்றியதில்லை. உடப்பு மக்களிடையே தம் முன்னோர் இராமேஸ்வரக் கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்ற மரபுக் கதையே வழங்கி வருகின்றது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தங்களைச் 'சேது காவலர்' என்று அழைத்துக் கொண்டதும், தமது நாணயங்களில் 'சேது' என்ற சொல்லைப் பொறித்ததும் வரலாறு.

அந்தச் சேதுவுக்குச் செல்லும் வழியாக ஐம்பது ஆண்டுகள் விளங்கி, ஒரே இரவில் கடலுக்கு இரையாகிய ஒரு புகையிரத நிலையம் உண்டு. அதுவே தனுஷ்கோடி. இன்று அங்கே சில இடிந்த சுவர்களும் மணலும் தவிர வேறொன்றும் இல்லை. இந்தியாவின் நிலப்பரப்பில் அமைந்திருந்த போதிலும் அந்நிலையம் பெரும்பாலும் இலங்கைக்குப் போகவும் இலங்கையிலிருந்து வரவும் கட்டப்பட்டதாகும். அதன் வரலாற்றில் நம்மவர்க்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் அதனை அறிந்திருப்பது நன்று.

பெயர்க் காரணம்

'தனுஷ்' என்றால் வில். 'கோடி' என்றால் முனை. இலங்கையிலிருந்து வேறு எவரும் அணை வழியாகப் படையெடுத்து வராதபடி அதனை உடைத்துவிடுமாறு வீடணன் வேண்டிக்கொள்ள, இராமபிரான் தன் வில்லின் முனையினால் அணையை உடைத்த இடம் இது என்பது ஐதீகம். வடக்கே வங்கக் கடலாகிய மகோததியும், தெற்கே மன்னார்க் கடலாகிய இரத்னாகரமும் சந்திக்கும் இம்முனையில் நீராடுவதே சேது ஸ்நானம். காசிக்குச் சென்று திரும்பியவர் சேதுவில் நீராடினாலன்றி அந்த யாத்திரை நிறைவு பெறாது என்பர். ஆடி அமாவாசை, தை அமாவாசை தினங்களில் பிதிர்க்கடன் செய்ய அடியார்கள் கூடும் இடமும் இதுவே. ஊருக்குச் சற்று முன்னால், வீடணன் சரண் புகுந்த இடம் எனப்படும் கோதண்டராமர் கோயில் உள்ளது.

நிலையம் எழுந்த விதம்

புகையிரதப் பாதை தனுஷ்கோடியை அடையும் முன்னர், சென்னையிலிருந்து கொழும்புக்கு வருபவர்கள் தூத்துக்குடி வரை புகையிரதத்தில் வந்து, அங்கிருந்து கப்பலேறி ஓர் இரவு முழுவதும் கடலில் கழிக்க வேண்டியிருந்தது. அதற்கும் முந்திய காலத்தில் தோணியே கதி. 1897 ஜனவரியில் இலங்கையில் சொற்பொழிவுகள் ஆற்றிவிட்டுத் தாயகம் திரும்பிய சுவாமி விவேகானந்தர் கடல் வழியாகப் பாம்பனில் இறங்கியதும், அவரை இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வரவேற்றதும் யாவரும் அறிந்ததே.

ஆங்கிலேயர் இந்த வழியைக் குறுக்க விரும்பினர். இராமர் அணையின் திட்டுக்கள் மீது பாலம் அமைத்துக் கடலின் மேலாகவே புகையிரதம் விடலாமா என்றுகூட ஆராய்ந்தனர். செலவு மிக அதிகம் என்று அந்த யோசனை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக இரு கரைகளிலும் கடல் விளிம்பு வரை தண்டவாளம் போடுவது, நடுவே கப்பல் விடுவது என்று முடிவாயிற்று. அதன்படி மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் இடையே கடலின் மேல் 2 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளத்தில் பாம்பன் பாலம் கட்டப்பட்டு 1914 பெப்ரவரி 24இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும். அதனை ஊழியர்கள் கைகளாலேயே சுழற்றித் தூக்கினார்கள். இலங்கைப் பக்கத்தில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரையான பாதையும் அதே 1914இல் திறக்கப்பட்டது.

இங்கே ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பிரதான பாதை சென்றது தனுஷ்கோடிக்கே, கிளைப்பாதைதான் இராமேஸ்வரத்துக்கு. உலகறிந்த திருத்தலத்துக்குக் கிளைப்பாதை, மீனவர் வாழ்ந்த ஒரு மணல்முனைக்குப் பிரதான பாதை என்றால், இந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும்.

தென்னிந்திய புகையிரதக் கம்பனி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே விட்ட கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிங் என வைசிராய்களின் பெயர்களைச் சூட்டியது. பின்னர் வந்தவை இர்வின், கோஷன் என்பன. சேதுக் கடலில் ஓடிய கப்பல்களுக்கு இராமனின் பெயரோ இலக்குமணனின் பெயரோ கிடைக்கவில்லை. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த புகையிரதத்தை மக்கள் 'போட் மெயில்' என்று அழைத்தனர். சென்னையில் ஒரே பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு புகையிரதம், கப்பல், மீண்டும் புகையிரதம் எனக் கொழும்பு வரை வந்துவிடலாம். நடுவிலுள்ள கடல் முப்பது கிலோமீற்றர் சொச்சம் மட்டுமே.

நிலையத்தைச் சுற்றி ஓர் ஊரே எழுந்தது. சுங்கப் பகுதி, தபால் கந்தோர், பாடசாலை, புகையிரத ஊழியர் விடுதிகள், மருத்துவமனை, தேவாலயம், தண்ணீர்த் தாங்கி ஆகியன உண்டாயின. மீன்பிடித்தவர்களும் கருவாடு போட்டவர்களும் இருந்த இடத்தில் மூட்டை தூக்குவோர், தேநீர்க் கடைக்காரர், யாத்திரிகருக்கு வழிகாட்டுவோர் எனப் பலரும் வந்து சேர்ந்தனர். கப்பல் வந்தால் ஊர் விழிக்கும். கப்பல் போனால் ஊர் அடங்கும்.

மதுரங்குளியிலிருந்து தனுஷ்கோடிக்கு

புத்தளம் பக்கத்து யாத்திரிகருக்கு இந்தப் பாதை எவ்வாறு பயன்பட்டது? றாகமையிலிருந்து கரையோரமாக வரும் புகையிரதப் பாதை 1909இல் நீர்கொழும்பையும், 1916இல் சிலாபத்தையும், 1926இல் புத்தளத்தையும் அடைந்தது. அதன் பிறகு கனமூலைப் பக்கத்தவர் அண்மையிலுள்ள மதுரங்குளியில் கோச்சி ஏறினால் தண்டவாளத்தை விட்டிறங்காமலே தலைமன்னார்க் கடல் வரை போகக்கூடிய வசதி உண்டாயிற்று.

ஆனால் அது சுற்றுப் பாதை. தலைமன்னார் இருப்பதோ நேர் வடக்கே. புகையிரதமோ முதலில் தெற்கு நோக்கி முந்தல், சிலாபம், நீர்கொழும்பு என்று றாகமை வரை கொண்டு போகும். அங்கே மாறிப் பிரதான பாதையில் பொல்காவலை. பின்பு வடபாதையில் குருநாகல், அநுராதபுரம், மதவாச்சி. அங்கிருந்து மேற்கே திரும்பிச் செட்டிகுளம், மடு, முருங்கன், மாதோட்டம், திருக்கேதீஸ்வரம், மன்னார், பேசாலை, தலைமன்னார் எனச் செல்ல வேண்டும். நேரே போக, எலுவன்குளம் வழியாக வில்பத்துக் காட்டினூடே மன்னாருக்குப் பழைய கரையோரப் பாதை ஒன்று உண்டு. எனினும் கலா ஓயா பெருகினால் அது அடைபட்டுவிடும். கோடையில் மட்டுமே நம்பக்கூடிய வழி. ஆகவே குடும்பத்துடன் போவோர் கோச்சியையே நாடுவது இயல்பு.

இந்தச் சுற்றுப் பாதையில் ஒரு புண்ணியமும் இருந்தது. சிலாபத்தில் இறங்கி முன்னேஸ்வரத்தையும் மானாவாரியையும் தரிசித்து, வழியில் திருக்கேதீஸ்வரத்தையும் வணங்கிக் கடல் தாண்டினால் இராமபிரான் பூசித்த தலங்களில் நான்கினை ஒரே யாத்திரையில் தரிசிக்கலாம். திருக்கோணமலைக்கும் மாகோவிலிருந்து புகையிரதம் உண்டு. இராமர் நடந்த வழி என்று புராணம் சொல்வதும் புகையிரதம் ஓடிய வழியும் இவ்வளவு நெருங்கி வருவது அந்தப் பாதையைப் போட்ட வெள்ளைக்காரப் பொறியியலாளர்கள் எண்ணிச் செய்ததன்று.

வந்தவர்களும் தடுக்கப்பட்டவர்களும்

யாத்திரிகரை மட்டும் சொல்லி நிறுத்தினால் இந்த நிலையத்தின் வரலாறு பாதிதான் சொல்லப்பட்டதாகும். தனுஷ்கோடி வழியாக மிகப் பெருந்தொகையாக வந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் பெயர்ந்த மக்கள் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்க வைக்கப்பட்டனர். வாந்திபேதி, கொள்ளைநோய் முதலியவை இல்லை என்று கண்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். அதற்கு முந்திய தலைமுறையினர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்ததில் வழியிலேயே மாண்டோர் பலர். புகையிரதம் அந்தச் சாவுகளை நிறுத்தியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆட்கள் இலங்கை செல்வதைத் தடைசெய்தது.

சுதந்திரத்தின் பின் நிலைமை வேறாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், அது வரை தடையின்றிக் கடந்த கடலைக் கடக்கக் கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதாயிற்று. தாயின் சாவுக்குப் போகவும் அனுமதி, தாலி கட்டப் போகவும் அனுமதி என்றானது. கப்பலும் புகையிரதமும் முன்போலவே ஓடின. ஏறுவோரின் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்தான் கூடின. தனுஷ்கோடிப் பாதையைக் கடல்தான் மூடியது என்று பொதுவாகச் சொல்வர். கடல் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, கந்தோர் மேசைகளில் அது மூடப்படத் தொடங்கிவிட்டது என்பதே சரியாகும்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பது அதன் சாரம். அந்த ஐந்து இலட்சத்துச் சொச்சம் மக்களையும் அவர்கள் பாட்டன்மார் வந்த அதே வழியால் திருப்பி அனுப்புவது என்றால் தனுஷ்கோடியே வாசலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதம் ஆகுமுன்னர் அந்த வாசலே இல்லாமற் போயிற்று.

மார்கழிப் புயல்

1964 டிசம்பர் நடுப்பகுதியில் அந்தமான் கடற்பரப்பில் உருவான தாழமுக்கம் பெரும் புயலாக வலுத்தது. டிசம்பர் 22இல் இலங்கையின் கிழக்குக் கரையில் புகுந்து, வடபகுதியை ஊடறுத்துப் பாக்கு நீரிணைக்குச் சென்றது. இலங்கையிலும் அழிவு பெரிது. அன்றிரவு தனுஷ்கோடியில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் மன்னார்க் கடல், நடுவே சிறிய மணல் நாக்கு. ஓடி ஏற ஒரு மேடு கூட இல்லாத நிலம் அது.

653ஆம் இலக்கப் பாம்பன் - தனுஷ்கோடி பயணிகள் புகையிரதம் நள்ளிரவை அண்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் சைகை விளக்கு இயங்கவில்லை. சற்று நேரம் தரித்து நின்ற சாரதி நீண்ட ஊதலை எழுப்பிவிட்டு வண்டியை முன்னே நகர்த்தினார் என்பர். நிலையத்துக்குச் சில நூறு யார் தூரம் இருக்கையில் பேரலை வண்டி முழுவதையும் வாரிக்கொண்டது. 110 பயணிகளும் 5 ஊழியர்களுமாக 115 பேர் என்பது பதிவேட்டுக் கணக்கு. பயணச்சீட்டு இன்றி ஏறியோரையும் சேர்த்தால் 200ஐ நெருங்கும் எனச் சொல்வோரும் உளர். ஒருவரும் தப்பவில்லை. தொடர்புக் கம்பிகள் அறுந்து போனமையால் அடுத்த நிலையத்துக்குக்கூட இச்செய்தி உடனே எட்டவில்லை. அப்புயலில் மாண்டோர் தொகை 1,800 அளவில் என மதிப்பிடப்பட்டது.

நிலையம், இறங்குதுறை, சுங்கப் பகுதி, தேவாலயம், வீடுகள் யாவும் சிதைந்தன. கோதண்டராமர் கோயில் மட்டும் நிலைத்து நின்றது. அதனை அடியார்கள் இன்றும் வியந்து பேசுகின்றனர். சென்னை அரசாங்கம் தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அறிவித்தது. பாம்பன் பாலமும் பலத்த சேதமடைந்தது. அதனைத் திருத்தும் பொறுப்பை ஏற்ற இளம் பொறியியலாளர் ஈ. சிறீதரன் 46 நாட்களில் வேலையை முடித்தார். பின்னாளில் கொங்கண் பாதையையும் டில்லி மெட்ரோவையும் அமைத்தவர் இவரே. பாலம் மீண்டது, தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. கிளைப்பாதையாக இருந்த இராமேஸ்வரப் பாதையே அதன்பின் பிரதான பாதையாயிற்று.

அதன் பின்

சில காலத்தின் பின் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் மீண்டும் ஓடியது. 'இராமானுஜம்' என்ற கப்பலைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். வைசிராய்களின் பெயர்கள் போய் ஒரு வைணவ ஆசாரியரை நினைவூட்டும் பெயர் வந்தது மட்டும் நல்ல மாற்றம். மற்றபடி அக்கப்பல் சுமந்தது பெரும்பாலும் துயரத்தையே. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட மலையக மக்கள் ஆண்டாண்டாகப் பிறந்த மண்ணைப் பிரிந்து அதில் ஏறினர். அவர்களை மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிவந்த புகையிரதத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. யாத்திரைக்கும் வியாபாரத்துக்கும் போனோரும் அதே கப்பலில் போயினர். 1983 இனக்கலவரத்தின் பின் மூண்ட போரினால் அச்சேவையும் நின்றது. 1990இல் தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் காணாமற் போயின.

ஆனால் அந்த மணல்முனைக்கு ஆட்கள் போவது மட்டும் நிற்கவில்லை. போர்க்காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து படகேறிய அகதிகள் தனுஷ்கோடியை அண்டிய திட்டுக்களில் இறக்கிவிடப்பட்டனர். அங்கிருந்து அவர்கள் கொண்டு செல்லப்பட்டது மண்டபம் முகாமுக்கு. முன்னொரு காலத்தில் தோட்டத் தொழிலாளரைத் தடுத்து வைத்த அதே மண்டபத்துக்கு. 2022 மார்ச்சில் எரிபொருளும் பால்மாவும் இன்றி நாடு திண்டாடியபோதும் கைக்குழந்தைகளோடு சில குடும்பங்கள் இரவோடிரவாக அதே கரையில் போய் இறங்கின. நிலையமும் பயணச்சீட்டும் இருந்த காலத்தில் பகலில் நிமிர்ந்து போன வழியில், அவை இல்லாத காலத்தில் இரவில் ஒளிந்து போனார்கள்.

இன்றைய நிலை

இலங்கைப் பக்கத்தில் பாதை மீண்டும் போடப்பட்டு 2013இல் மடு வீதி வரையும், 2015 மார்ச் 14இல் தலைமன்னார் இறங்குதுறை வரையும் திறக்கப்பட்டது. இந்தியப் பக்கத்தில் இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர் பாதை மீண்டும் போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. கடலரிப்பும் சுற்றுச்சூழலும் காரணமாகக் காட்டப்பட்டுத் தமிழ்நாட்டு அரசு விரும்பாமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1964ஐ எண்ணிப் பார்த்தால் அந்த மணலில் மீண்டும் கட்டாமல் விட்டதைக் குறைகூற முடியாது. 2017இல் அரிச்சல்முனை வரை தார் வீதி போடப்பட்டதால் சேது ஸ்நானத்துக்குப் போவோர் இப்போது வாகனத்தில் சென்று திரும்புகின்றனர். வழியில் இடிந்த தேவாலயமும் தண்ணீர்த் தாங்கியும் நிலையத்துச் சுவர்களும் காணக் கிடைக்கின்றன.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பருடன் புகையிரதம் நிறுத்தப்பட்டது. அதன் அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் திகதி, இராம நவமியன்று, இந்தியப் பிரதமரால் திறந்து வைக்கப்பட்டது. அன்று காலையில் அவர் அநுராதபுரத்தில் இருந்தார். மாகோ - ஓமந்தை திருத்திய பாதையைத் திறந்து வைத்துவிட்டு, இராமர் அணையின் மேலாகப் பறந்து சென்று பிற்பகலில் பாம்பன் பாலத்தைத் திறந்தார். பழைய போட் மெயில் பாதையின் இரு பக்கங்களிலும் ஒரே நாளில் விழா நடந்தது.

இன்னுமொரு விடயம். போட் மெயில் ஓடிய காலத்தில் இந்தியப் பக்கத்தில் இருந்தது மீற்றர் அகலத் தண்டவாளம். இலங்கையில் ஐந்தடி ஆறு அங்குல அகலத் தண்டவாளம். கடலின் மேல் பாலம் கட்டியிருந்தாலும் அக்கரை வண்டி இக்கரையில் ஓடியிராது. 2007இல் இராமேஸ்வரப் பாதை அகலமாக்கப்பட்டதன் பின்னர் இரு நாட்டுத் தண்டவாளங்களும் ஒரே அகலம். அன்று தண்டவாளம் பொருந்தவில்லை, ஆயினும் ஆட்கள் போய்வந்தனர். இன்று தண்டவாளம் பொருந்துகின்றது.

தை அமாவாசைக்குச் சேதுவில் நீராட விரும்பும் அடியார்கள் கட்டுநாயக்காவிலிருந்து மதுரைக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து இராமேஸ்வரம் போவதே இப்போது வழக்கம். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16இல் மீண்டும் தொடங்கிய கப்பல் சேவையையும் சிலர் நாடுகின்றனர். மதுரங்குளியில் கோச்சி ஏறிச் சேதுவுக்குப் போன காலத்தில் பிறந்தவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கின்றார்கள். அவர்களிடம் கேட்டறிய வேண்டியவை இன்னும் உள.